வெந்த வேர்

குழாயில் தேங்கிக் கிடக்கும் தண்ணீரை முதலில் தரையில் விட வேண்டும். புறங்கையை நீட்டிப் பார்க்க வேண்டும். குளிர்ந்து வந்த பிறகுதான் தொட்டிப் பக்கம் கொண்டுபோக வேண்டும். கல்யாணமாகி இருபத்தாறு வருஷமாக அவள் காது புளித்துப்போன பாடம் இது. சொல்கிறவர் அவள் புருஷன். பட்டறையில் லேத்து ஓட்டுகிறவர். நாளெல்லாம் இரும்பைக் கடைந்துவிட்டு வீட்டுக்கு வந்தால் முகம் கழுவுகிறாரோ இல்லையோ, நேரே மொட்டை மாடிக்குப் போய்விடுவார். அங்கே தொண்ணூற்றுச் சொச்சம் தொட்டிகளில் போன்சாய் மரங்கள். ஆல், இச்சி, வேம்பு, புளி என்று எல்லாம் உண்டு. எதுவும் முழங்காலுக்கு மேல் போனதில்லை. கறுப்பு ரப்பர் குழாய் வெயிலில் சுருண்டு கிடக்கும்.

"பத்து மணிக்கு மேல அதுக்குள்ள இருக்கிற தண்ணியில முட்டைய அவிச்சிரலாம். மரத்துக்கு வாய் இல்ல, சுடுதுன்னு கத்தாது" என்பார்.

அத்தனை தடவை கேட்டவள்தான் மறந்தாள்.

அவர் ஆஸ்பத்திரியில் படுத்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. பட்டறையில் ஜெனரேட்டரின் பேட்டரி வெடித்து, அமிலம் இரண்டு கண்ணிலும் அடித்துவிட்டது. அன்றைக்குக் காலையில்தான் டாக்டர் அவளை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டு, "ரெண்டு கண்ணுலயும் இனிமே பார்வை வராதும்மா. மனசத் தேத்திக்கிட்டு அவருக்கு மெதுவா சொல்லுங்க" என்றிருந்தார். அவள் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தபோது மணி பன்னிரண்டரை. ஒரு மணி பஸ்சுக்கு மறுபடி கிளம்ப வேண்டும். முன்னறையில் தையல் மிஷினைச் சுற்றிப் பாதி தைத்த பள்ளிக்கூடச் சீருடைகள் குவிந்து கிடந்தன. பள்ளிக்கூடம் திறக்க இன்னும் எட்டே நாள். மரங்களுக்கு இரண்டு நாளாகத் தண்ணீர் இல்லை. மாடிக்கு ஓடினாள். குழாயைத் திறந்து, கதவுக்கு நேர் எதிரே முதல் பலகையில் இருந்த புளியமரத்தின் அடியில் நுனியைச் செருகினாள். அப்படியே கொடியில் காய்ந்த துணிகளை உருவப் போனாள்.

திரும்பிப் பார்த்தபோது மண்ணிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. ஓடிவந்து தொட்டிக்குள் விரலை விட்டாள். சுட்டது. குழாயைப் பிடுங்கி எறிந்தாள். தொட்டியைத் தூக்கி உள்ளே நின்ற தண்ணீரைக் கவிழ்த்தாள், வாளித் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினாள். அவசரத்தில் பாதி அவள் மேலேயே கொட்டியது. மற்ற மரங்களுக்கெல்லாம் அதற்குள் குளிர்ந்த தண்ணீர்தான் வந்தது. வெந்தது அந்த ஒரு மரம்தான்.

அது போயும் போயும் அந்த மரமாகவா இருக்க வேண்டும்?

பட்டறையின் பின்சுவர் விரிசலில் விரல் நீளத்துக்கு முளைத்திருந்த கன்று அது. அவர் வேலைக்குச் சேர்ந்த வருஷம் உளியால் செங்கல்லைப் பெயர்த்து எடுத்து வந்தார். முப்பத்தொரு வயது. அந்த வீட்டில் அவளைவிட ஐந்து வருஷம் மூத்தது. "உங்க மூத்த தாரத்தப் பாத்துட்டு வந்தாச்சா?" என்றுதான் அவரை மாடியிலிருந்து சாப்பிடக் கூப்பிடுவாள். அந்த மரத்தில் அவர் ஒரு நாளும் கம்பி சுற்றியதில்லை. ஒரு கிளையை வெட்டுவதற்கு முன் ஆறு மாசம் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு ஒரு நாள் நறுக்கென்று ஒரு வெட்டு. அதோடு சரி. "எந்தப் பக்கம் போகணும்னு அதுக்குத் தெரியும். நாம குறுக்க நிக்காம இருந்தா போதும்." தூரத்தில் வயல் வரப்பில் நிற்கும் ஒரு கிழட்டுப் புளியை அப்படியே கையளவாகச் சுருக்கி வைத்தது போலிருக்கும். வருகிறவர்கள் குனிந்து, அதன் நிழலில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்ப்பார்கள்.

அவருக்கு நேர் எதிர் அவளுடைய அண்ணன். அவரும் போன்சாய்க்காரர்தான். பெரிய ஹோட்டல்களின் முன்கூடத்துக்கும் பங்களா முற்றங்களுக்கும் மரம் செய்து கொடுப்பவர். 'செய்து' என்பதுதான் சரியான சொல். முதலில் காகிதத்தில் படம் வரைவார். பிறகு அந்தப் படத்துக்கு மரத்தைக் கம்பி போட்டு வளைத்துக் கொண்டுவருவார். பாம்பு நெளிவது போல ஒன்று, அருவி விழுவது போல ஒன்று. பச்சைக் கிளையின் பட்டையை உரித்து, மருந்து பூசி வெளுக்கவைத்து, நூறு வருஷத்துப் பட்டமரம் போல் ஆக்கிவிடுவார். ஊரில் அவருக்குக் கம்பிக்காரர் என்றே பெயர்.

"மச்சான் நடத்துறது சர்க்கஸ் கம்பெனி" என்பார் இவர்.

"மாப்ள வளக்குறது சவரம் பண்ணாத மரம்" என்பார் அண்ணன். "காட்டுல இருக்கிற மாதிரியே வேணும்னா காட்டுலயே விட்டிருக்கலாமே. தொட்டியில வச்ச அன்னைக்கே அது கழுத்தப் புடிச்சாச்சு. அப்புறம் என்ன இயற்கை வேண்டிக்கிடக்கு?"

சிரிப்பாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பன்னிரண்டு வருஷம் முந்தி ஒரு கண்காட்சிக்கு முதல் நாள் வரைக்கும். இவர் பட்டறையில் இருந்த நேரம் பார்த்து அண்ணன் வந்தார். "சும்மா ஒரு கிளைய மட்டும் இறக்கி விடுறேன், பரிசு கேரண்டி" என்று புளியில் கம்பி போட்டார். தொட்டி ஆடாமல் பிடித்துக்கொண்டவள் இவள். புருஷனுக்குப் பரிசு கிடைத்தால் நல்லதுதானே என்று நினைத்தாள். சாயங்காலம் பட்டறையிலிருந்து வந்தவர் கம்பியைப் பிடுங்கியதில் அந்தக் கிளையே முறிந்துபோனது. முறிந்த கிளையைக் கையில் வைத்துக்கொண்டு, "இனி உங்க அண்ணன் இந்த வீட்டுப் படி ஏறக் கூடாது" என்றார். ஏறவில்லை. அவளும் அண்ணனைப் பிறர் வீட்டு விசேஷங்களில் பார்த்துப் பேசுவதோடு நிறுத்திக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில், பார்வை இனி வராது என்பதை அவர் தானே ஊகித்துவிட்டார். கண்கட்டைப் பிரித்து மருந்து போட்ட நர்சிடம், "லைட்டப் போட்டுட்டுத்தானே பாக்குறீங்க?" என்று கேட்டாராம். நர்ஸ் ஒன்றும் சொல்லவில்லையாம். அதற்குப் பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர்தான். ரொட்டியைப் பாலில் நனைத்து வாயருகே கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொண்டார். மகள் கைக்குழந்தையோடு வந்து மூன்று நாள் இருந்துவிட்டுப் போனாள். பேரன் அழுத சத்தத்துக்குக்கூட அவர் தலையைத் திருப்பவில்லை.

நர்ஸ் அவளைத் தனியாகக் கூப்பிட்டாள். "அக்கா, நேத்து இது எத்தனாவது மாடின்னு கேட்டாரு. ஜன்னல்ல கம்பி இருக்கான்னும் கேட்டாரு. நீங்க தனியா விட்டுட்டு எங்கயும் போகாதீங்க."

அவள் உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். அவராகக் கேட்டார்.

"புளி எப்படி இருக்கு?"

அன்றைக்குக் காலையில்தான் பார்த்திருந்தாள். இலை முழுக்கச் சுருண்டு, தொட்டால் பொடியாய் உதிர்ந்தது. அடியில் பழுப்பு மெத்தை.

"நல்லா இருக்குங்க."

"நல்லா இருக்குன்னா? கொழுந்து விட்டிருக்கா?"

"விட்டிருக்கு. மேல ரெண்டு கிளையிலயும்."

"என்ன நிறம்?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "இளஞ்சிவப்பா… நுனி மட்டும் பச்சை."

"ம்." அவர் மெல்லப் புரண்டு இந்தப் பக்கம் திரும்பினார். "இடது பக்கக் கிளை ரொம்ப நீண்டுச்சுன்னா நுனியக் கிள்ளிடு. நகத்தால கிள்ளு, கத்திரி வேண்டாம்." பிறகு, "ரொட்டி இருக்கா?" என்றார்.

அன்றிலிருந்து அதுவே வேலையாய்ப் போயிற்று. ஒவ்வொரு நாளும் அந்த மொட்டை மரத்துக்கு அவள் புதுசு புதுசாக இலை வைத்தாள். பூ வருகிறாற்போல் ஒரு மொட்டு என்றுகூட ஒரு நாள் சொல்லிவிட்டாள். கேட்டுக்கொண்டே அவர் நாலு வாய் சாப்பிடுவார். அவள் பொய் சொல்லி முடித்ததும் ஆஸ்பத்திரிக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நிற்பாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவளைப் பார்த்து நர்ஸ் ஒரு நாள் ஆறுதலாகச் சொன்னாள்: "விடுங்கக்கா. மரம் வச்சவன் தண்ணி ஊத்தாமலா போயிருவான்?" அவளுக்குச் செவிட்டில் அறைந்தது போலிருந்தது.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

அண்ணன் முற்றத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒரு இச்சி மரத்துக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றிலும் வளைந்ததும் நெளிந்ததுமாய் மரங்கள்; உடம்பெல்லாம் அலுமினியக் கம்பி. தங்கை வாசலில் நிற்பதைப் பார்த்ததும் கையிலிருந்த குறடு நழுவியது.

"என்னம்மா? மாப்ளைக்கு ஏதாவது…"

"அவருக்கு ஒண்ணும் இல்லண்ணே. புளிய நான் கொன்னுட்டேன்." சொல்லி முடிப்பதற்குள் அழுகை முந்திக்கொண்டது.

அண்ணன் எழுந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு, கருவிப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டுப் படியை ஏறும்போது மட்டும் ஒரு நிமிஷம் நின்றார். "அவனுக்குத் தெரியுமா?" என்றார். இல்லையென்று தலையாட்டினாள்.

மாடியில் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். பேனாக்கத்தி நுனியால் பட்டையை லேசாகச் சுரண்டினார். காய்ந்த பழுப்பு. இன்னும் கீழே சுரண்டினார். பழுப்பு. பின்பக்கம், வேருக்கு இரண்டு விரல்கடை மேலே சுரண்டியபோது ஊசி அகலத்துக்குப் பச்சை தெரிந்தது.

"முன்பக்க வேர் பூராவும் வெந்துபோச்சு. தொட்டி விளிம்போரமா இந்தப் பின்பக்கம் மட்டும் தப்பிச்சிருக்கு. குழாய எங்க வச்ச?"

"இங்க."

"ம். அந்தப் பக்கம் வச்சிருந்தா இதுவும் இல்ல."

மரத்தைத் தொட்டியிலிருந்து எடுத்தார். வெந்த வேர்கள் விரலில் தோலுரிந்து கழன்று வந்தன; அழுகல் நாற்றம் அடித்தது. அதையெல்லாம் வெட்டிவிட்டுச் சல்லி மணலில் நட்டு, நிழலில் வைத்து, ஈரச் சாக்கைப் போர்த்தினார். "மூணு வாரம். சாக்கு மட்டும் காயக் கூடாது. ஒண்ணும் சொல்ல முடியாது, பாக்கலாம்."

அந்த மூன்று வாரம் அவள் எப்படி இருந்தாள் என்று அவளுக்கே பின்னால் நினைவில்லை. விடியும் முன் எழுந்து சாக்கை நனைத்தாள். எட்டு மணி வரை, பள்ளிக்கூடம் திறந்தும் தீராத சீருடைகளுக்குக் காஜா எடுத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பொய் சொன்னாள். திரும்ப வந்து சாக்கைத் தூக்கிப் பார்த்தாள். இருபதாம் நாள் பின்பக்கம், அடியில், ஒரே ஒரு துளிர் தெரிந்தது. அவள் ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்த அதே இளஞ்சிவப்பு. அதைப் பார்த்து அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது.

அண்ணன் மறுபடி வந்தார். துளிர் விரல் நீளத்துக்கு வந்திருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். காகிதத்தை எடுத்து வரைய ஆரம்பித்தார்.

"படமெல்லாம் வேண்டாம்ணே. அப்படியே விட்டுரலாம். அவர் அப்படித்தான் விடுவாரு."

"அப்படியே விட்டா என்ன ஆகும்னு சொல்றேன், கேளு. மழை வரப்போகுது. செத்த பட்டைக்குள்ள தண்ணி இறங்கும், அழுகும். அந்த அழுகல் நேரா இந்தப் பச்சைக்கு வரும். பட்டைய உரிச்சு, மருந்து அடிச்சு, உள்கட்டைய எலும்பு மாதிரி காய வைக்கணும். இந்த ஒத்தக் கிளை அடியில தரையப் பாத்துக் கிடக்கு. இத மேல தூக்கி, இதையே தலையா நிறுத்தணும். இப்ப பிஞ்சு, வளையும். ரெண்டு மாசம் போனா முறியும்."

"கம்பி போட்டா?"

"கம்பி போட்டுத்தான்."

அவள் துளிரைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

"உன்கிட்ட மறைக்கல. பண்ணி முடிச்சா இது அவன் மரமா இருக்காது, என் மரமாத்தான் இருக்கும். பாதி வெள்ளை எலும்பு, பாதி உயிரு. ஹோட்டல்காரன் இதக் கண்டா கொத்திக்கிட்டுப் போவான். உன் புருஷன் காறித் துப்புவான். நீ சொல்லு, பண்ணவா, போகவா?"

"அவருக்குத்தான் கண்ணு தெரியாதே" என்று அவள் வாயில் வந்துவிட்டது. வந்த பிறகு அந்த வார்த்தையைக் கேட்டு அவளே திடுக்கிட்டாள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

"பண்ணுங்கண்ணே" என்றாள். பன்னிரண்டு வருஷம் முந்தி பிடித்தது போலவே இரண்டு கையாலும் தொட்டியைப் பிடித்துக்கொண்டாள். பட்டை உரியும் சத்தம் துணி கிழிகிற மாதிரி இருந்தது. கம்பியைச் சுற்றும்போது மட்டும் அண்ணன் மூச்சை அடக்கிக்கொண்டார். முடித்துவிட்டு, "ஆறேழு வாரத்துல எடுத்துரணும். நான் வரேன்" என்றார்.

"வேண்டாம்ணே. அவர் வீட்டுக்கு வந்திருவாரு."

நாலு நாள் கழித்து அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, "மாடிக்குக் கூட்டிட்டுப் போ" என்றார்.

"முதல்ல ஒரு வாய் டீ குடிச்சிட்டு…"

"கூட்டிட்டுப் போ."

தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார். ஏறும்போதே அவர் முகத்தில் பல நாள் கழித்து ஏதோ ஒரு களை. ஏதாவது சொல்லித் தடுக்கலாமா, வேறொரு தொட்டியிடம் கொண்டுபோய் விடலாமா என்றுகூட நினைத்தாள். கதவைத் தாண்டியதும் அவர் கையே நேரே முதல் பலகைக்குப் போய்விட்டது. விரல்கள் தொட்டி விளிம்பைத் தடவின, மண்ணைத் தொட்டன. "மணலா இருக்கே" என்றார். விரல்கள் அடிமரத்தில் ஏறின. பட்டை முடிந்து வழவழவென்ற கட்டை தொடங்கிய இடத்தில் நின்றன.

"தோல் எங்க?"

அவர் இரண்டு கையாலும் தேடினார். இடது பக்கக் கிளை இருந்த இடத்தில் காற்று. மேல் கிளைகள் இருந்த இடத்தில் கூராகச் செதுக்கிய இரண்டு முளை. பின்பக்கம் போன விரல் கம்பியில் பட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று சுற்றுகளை எண்ணிக்கொண்டே மேலே போனார்.

"உங்க அண்ணன் வந்திருக்கான்."

"ஆமா."

"கம்பி எவன் வேணா போடுவான். சுத்துக்குச் சுத்து இப்படி அளவு பிசகாம போட அவன் ஒருத்தனுக்குத்தான் வரும்."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். குழாய், பன்னிரண்டரை மணி வெயில், ஆவி, எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறவே இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"அப்ப ஆஸ்பத்திரியில சொன்னது?"

"பொய்."

"கொழுந்து?"

"பொய்."

"அந்த மொட்டு?"

"எல்லாமே பொய்ங்க. நீங்க சாப்பிடணும்னு சொன்னேன்."

"அத வச்சுக்கிட்டுத்தான் நான் ஒவ்வொரு நாளையும்…" என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். "கீழ கொண்டுபோய் விடு" என்றார்.

அதற்குப் பிறகு அவர் மாடிப் பேச்சையே எடுக்கவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். கூப்பிட்டால் "ம்" என்பார். தட்டை வைத்தால் தடவிச் சாப்பிடுவார், பாதியில் கையைக் கழுவிவிடுவார். பட்டறை ஆட்கள் பார்க்க வந்தபோது, "தூங்குறேன்னு சொல்லு" என்றார். நாள் முழுக்கக் கட்டிலில் உட்கார்ந்து ஒரு கையால் இன்னொரு கையைத் தடவிக்கொண்டே இருப்பார். ஒரு நாள் திடீரென்று, "மாடிக் கைப்பிடிச் சுவர் இடுப்பளவுதானே இருக்கு?" என்று கேட்டார். அன்றைக்கே மாடிக் கதவுக்குப் பூட்டு வாங்கிப் போட்டாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டுதான் மிஷினில் உட்கார்ந்தாள். அவர் இருமினால் மிஷினை நிறுத்துவாள். இருமாமல் இருந்தாலும் நிறுத்துவாள். புளிக்கு அவள்தான் தண்ணீர் ஊற்றினாள், குழாயைத் தொடாமல், குவளையில் மொண்டு.

மழை பிடித்துக்கொண்டது. விட்டு விட்டு ஒரு மாசம் பெய்தது. அப்படி ஒரு மத்தியானம் திடீரென்று சடசடவென்று இறங்கவும், மாடிக்கு ஓடிப்போய்த் துணிகளை வாரிக்கொண்டு வந்தாள். இரண்டு கையிலும் ஈரத்துணி. கீழே வந்து காலர் ஒன்றைத் தைத்து, மறு காலரை எடுத்தபோதுதான் இடுப்பு வெறுமையாக இருப்பது உறைத்தது. சாவி மேலே பூட்டிலேயே தொங்குகிறது. திரும்பிப் பார்த்தாள். கட்டில் காலி.

எப்படி மாடி ஏறினாள் என்று தெரியாது. முழங்கால் இரண்டு இடத்தில் படியில் இடித்தது. கதவு விரியத் திறந்து கிடந்தது. மழை வெள்ளையாக இறங்கிக்கொண்டிருந்தது.

அவர் கைப்பிடிச் சுவர் ஓரத்தில் இல்லை. முதல் பலகைக்கு முன்னால், தரையில், சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தார். ஒரு கை புளியின் மேல் இருந்தது.

"என்னங்க!" என்று அலறிவிட்டாள்.

"கத்தாத. இங்க வா, கையக் குடு."

அவள் விரலைப் பிடித்து அந்த ஒற்றைக் கிளையில் வைத்தார். "கம்பி தெரியுதா?"

"தெரியுது."

"ரெண்டு சுத்துக்கும் நடுவுல?"

அவள் தடவினாள். "கொஞ்சம்… உப்பலா இருக்கு."

"சதை போட்டிருக்கு. கம்பி கடிக்குது. இன்னும் ஒரு வாரம் விட்டா வடு விழுந்திரும், அப்புறம் ஆயுசுக்கும் போகாது. தினம் தண்ணி ஊத்துறியே, பாக்கலயா?"

"பாத்தேங்க. ஒண்ணும் தெரியலயே."

"கண்ணுக்குத் தெரியாது" என்றார்.

அவள் அவர் கையை விடவில்லை. "எதுக்குங்க மேல வந்தீங்க?"

"எதுக்கோ வந்தேன். வழியில கை இதுல இடிச்சிருச்சு."

அவர் தோளில் முகத்தை அழுத்திக்கொண்டு சத்தமே இல்லாமல் அழுதாள். அவர் தேற்றவில்லை, தள்ளவும் இல்லை. மழை குறைந்த பிறகு சொன்னார்: "உங்க அண்ணனுக்குப் போனப் போடு. கட்டினவன் வந்து அவுத்து விடச் சொல்லு. நான் தொட்டா முறிச்சிருவேன். முன்னயே ஒருக்கா முறிச்சவன்தானே."

மறுநாள் காலையில் அண்ணன் வந்தார். இரண்டு ஆண்களும் ஒருவரையொருவர் என்ன சொல்லிக் கூப்பிடுவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் தொண்டையைக் கனைத்துக்கொண்டிருந்தார்கள்.

"மாப்ள" என்றார் அண்ணன் கடைசியில். "உன் மரத்துக்குச் சவரம் பண்ணிட்டேன்."

"சவரமா? தோலையே உரிச்சு வச்சிருக்க, மச்சான்."

கம்பியைப் பிரிக்கவில்லை, ஒவ்வொரு சுற்றாகக் குறடால் துண்டு துண்டாக நறுக்கினார் அண்ணன். உதிர்ந்த துண்டுகளை இவர் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார். கடைசித் துண்டு விழுந்ததும் கிளை ஒரு விரல்கடை தாழ்ந்து நின்றது.

"பாத்தியா, இறங்குது. இன்னும் கொஞ்சம் லூசா ஒரு கம்பி போட்டுட்டா அடுத்த வருஷத்துக்குள்ள ராஜா மாதிரி நிக்கும்."

"போதும். இனி ஒரு சுத்து போடக் கூடாது. அது எங்க இறங்குதோ இறங்கட்டும்."

"எப்பவும் இதே பாட்டுத்தான். இந்தத் தடவ கம்பி இல்லாம விட்டிருந்தா இன்னைக்கு அடுப்புலதான் இருந்திருக்கும்."

"அடுப்புல போயிருந்தாலும் அது புளியா போயிருக்கும். இப்ப இது என்னது? எலும்புக்கூடு. தொடவே கை கூசுது."

"கூசுதுல்ல? எந்த மரமாவது உன்னக் கூச வச்சிருக்கா இதுவரைக்கும்?"

"நிறுத்துங்க ரெண்டு பேரும்!"

அவள் இவ்வளவு சத்தமாகப் பேசி இருவருமே கேட்டதில்லை.

"முப்பது வருஷமா இதுக்கு என்ன வேணும்னு உங்க ரெண்டு பேருக்கும்தான் தெரியும், எனக்கு ஒண்ணும் தெரியாது, சரி. அத வேக வச்சவ நான். உரிக்கச் சொன்னவ நான். விடியுறதுக்கு முன்னாடி எந்திரிச்சு ஈரச் சாக்கக் கட்டிக்கிட்டு அழுதவ நான். அண்ணே, நீங்க கம்பிய எடுத்துப் பையில போடுங்க. என்னங்க, நீங்க வேணும்னா தினம் தொட்டுப் பாருங்க, நகத்தால ஒரு இலையக் கிள்ளக் கூடாது. மழை முடியுற வரைக்கும் யாரும் இதுல கை வைக்கக் கூடாது. அப்புறம் என்ன பண்ணலாம்னு நான் சொல்றேன்."

அண்ணன் குறடைப் பையில் போட்டார். இவர் கையிலிருந்த கம்பித் துண்டுகளைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அண்ணன் டீ குடித்துவிட்டுப் போனார். வாசலில், "வரேன் மாப்ள" என்றதற்கு இவர், "ம்" என்றார்.

அதன் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. சாப்பாட்டைப் பாதியில் தள்ளும் நாள்கள் இருந்தன. சுவரைப் பார்த்துப் படுக்கும் நாள்களும் இருந்தன. மாடிக் கதவின் பூட்டை அவள் எடுக்கவில்லை. ஆனால் சாயங்காலம் தைத்த துணிகளை மடித்து வைத்த பிறகு, அவர் கேட்டால் அழைத்துப்போவாள். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து புளியைத் தடவிக்கொண்டிருப்பார். உரித்த பக்கம் விரல் போகாது. அவள் கொஞ்சம் தள்ளி நின்று மற்ற தொட்டிகளுக்கு ஊற்றுவாள்.

மழை ஓய்ந்திருந்த ஒரு சாயங்காலம், விரலைக் கிளையிலேயே வைத்துக்கொண்டு அவர் கேட்டார்:

"பொழுது இறங்கிருச்சா?"

அவள் குவளையோடு நிமிர்ந்தாள். மேற்கே தண்ணீர்த் தொட்டிகளுக்குப் பின்னால் சூரியன் அப்போதுதான் மறைந்திருந்தது.

"இப்பத்தான் இறங்குச்சு. எப்படித் தெரியும்?"

"இலை கூம்புது" என்றார். "நான் புடிச்சுக்கிட்டு இருக்கும்போதே கூம்புது."

அவள் கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். அந்த ஒற்றைக் கிளையின் சின்னச் சின்ன இலைகள், எதிரெதிரே இருந்தவை, மெல்ல ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டிருந்தன.

"எத்தனை மூடியிருக்கு? நெசத்தச் சொல்லு."

அவள் குவளையைக் கீழே வைத்துவிட்டு அவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அடியிலிருந்து ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினாள்.